ஆல்பமே இல்லாத பாட்டுக்காரர்: பண்ணைப்புரத்து பாவலர் வரதராஜனின் கதை

2025 ஜூலை 22. ராத்திரி படுக்கப் போற நேரத்துல போன் விடாம அதிருது. எங்க போடியில ஹெவி மெட்டல் கேட்கிற ஆளுங்க மொத்தமே அஞ்சு பேர். அந்த அஞ்சு பேர் குரூப்ல அன்னிக்கு ஒரே செய்திதான். ஓஸி ஆஸ்பர்ன் இறந்துட்டார். பர்மிங்ஹாம்ல கடைசி கச்சேரி பாடி முடிச்சு 17 நாள்தான் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில ஐந்து பேரும் சொல்லிவெச்ச மாதிரி ஒரே வேலையைத்தான் செஞ்சிருந்தோம். பிளாக் சபாத் இசைக்குழுவோட 'பாரனாய்ட்' ஆல்பத்தை முதல் பாட்டுல இருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் ஸ்கிப் பண்ணாம கேட்டோம். 1970-ல வந்த ஆல்பம். நாங்க யாரும் அப்போ பிறக்கவே இல்லை. ஆனாலும் பிடிச்ச ஒரு கலைஞன் செத்துப்போனா, அவன் பாட்டைத் திரும்பப் போட்டுக் கேட்கிறதுதான் நம்ம தலைமுறையோட துக்கம் விசாரிப்பு. நேர்ல போக முடியாத சாவுக்கு ஹெட்செட்தான் மாலை.

நான் கேட்டது பஸ்ல. போடியில இருந்து தேவாரம் வழியா உத்தமபாளையம் போற பஸ். வலது பக்கம் பூரா மலை, இடது பக்கம் தோட்டங்கள். தேவாரம் தாண்டினதும் ஜன்னல் வழியா ஊர்ப் பெயர்ப்பலகை தெரிஞ்சது. பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த ஊர்னு உலகத்துக்கே தெரியும். ஆனா அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வந்தது அவர் இல்லை, அவரோட அண்ணன். இந்தப் பள்ளத்தாக்கையே ஒரு காலத்துல பாட்டால கட்டிப்போட்ட மனுஷன். 1973-ல் இறந்துபோனார். அவருக்காக நான் எந்த ஆல்பத்தைப் போட்டுக் கேட்பேன்?

தேடினேன். அவரைப் பத்திப் பேசுற வீடியோக்கள் வந்தன. தம்பிகள் அவரை நினைச்சுப் பேசுற மேடைகள் வந்தன. அவர் பாடின ஒரு ஆல்பம் வரலை. ஏன்னா, அப்படி ஒண்ணு இல்லவே இல்லை.

அவர் பெயர் பாவலர் வரதராஜன்.

வீட்டுக்குள் ஒரு கச்சேரி

இப்போ தேனி மாவட்டம்னு சொல்றோமே, அது அன்னிக்கு மதுரை மாவட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர் பண்ணைப்புரம். அங்கே டேனியல் ராமசாமி குடும்பத்தில் மூத்தவர் வரதராஜன். பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் மூன்று பேரும் அவருடைய தம்பிகள். அப்பா ஒருவர், அம்மா வேறு. வரதராஜனுக்கு சின்னம்மாவான சின்னத்தாயம்மாளின் பிள்ளைகள் இவர்கள். ராசய்யா பின்னாளில் இளையராஜா ஆனார். அமர்சிங், கங்கை அமரன் ஆனார்.

அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு தம்பிகளுக்கு அண்ணன்தான் வாத்தியார், அண்ணன்தான் முதலாளி, பயப்படவேண்டிய ஆளும் அண்ணன்தான். வரதராஜன் பாட்டு எழுதுவார், மெட்டுப் போடுவார், ஆர்மோனியம் வாசிப்பார், பாடுவார். இன்னிக்கு நாம சிங்கர் சாங்ரைட்டர்னு ஸ்டைலா சொல்றோம் இல்லையா? அதையெல்லாம் அவர் வேட்டி சட்டையில், ஊர்ப் பொட்டலில் நின்னு செய்தார். பாவலர் என்ற பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஒருகட்டத்தில் வரதராஜன் என்ற பெயரே தேவைப்படவில்லை. பாவலர் வர்றார்னு சொன்னா போதும், யார்னு ஜனங்களுக்குத் தெரியும்.

அவர் பாடியது கோயில் திருவிழாவுக்கோ கல்யாண வீட்டுக்கோ இல்லை. கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளுக்கு. அரிசி விலை, கூலி, வரி, ஆட்சியில் இருந்த காங்கிரஸ் மேல் இருந்த கோபம், இதெல்லாம்தான் பாட்டுக்கு விஷயம். கூட்டம் நடக்கிற ஊர்ல என்ன பிரச்னையோ, அதைக் கேட்டுவெச்சுக்கிட்டு மேடையிலேயே வரி கட்டிப் பாடுகிற திறமை அவருக்கு இருந்தது.

தெரிஞ்ச மெட்டு, தெரியாத வரி

பாவலரோட பாணியில ஒரு சூட்சுமம் உண்டு. பல பாட்டுகளுக்கு அவர் புது மெட்டு போடவில்லை. அப்போ ஊரெல்லாம் முணுமுணுத்துக்கிட்டிருந்த சினிமாப் பாட்டு மெட்டையே எடுத்துக்கொள்வார். அதில் காதல் வரியை எடுத்துவிட்டு, அரசியல் வரியை வைப்பார்.

இதைச் சும்மா காப்பின்னு சொல்லிடாதீங்க. 1961-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 28 சதவிகிதம்தான். நோட்டீஸ் அடிச்சுக் கொடுத்தா, பாதிக்கு மேல் ஜனங்க அதை மடிச்சு வைக்கத்தான் முடியும். பேச்சு கேட்டா, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள மறந்துடும். ஆனா ஏற்கெனவே நாக்குல இருக்கிற மெட்டுல புது வரி வந்து உட்கார்ந்துட்டா? மறுநாள் களை எடுக்கிறப்போ அந்த மெட்டு வாயில வரும். கூடவே அந்த வரியும் வரும். இன்னிக்கு ஒரு டிரெண்டிங் ஆடியோவை எடுத்து நம்ம விஷயத்தை அதுல சொல்லி ரீல்ஸ் போடுறோமே, அதே கணக்குதான். அவர் அதை இன்டர்நெட் இல்லாம செய்தார்.

நையாண்டி அவரோட பெரிய ஆயுதம். கோபமா பேசினா போலீஸ்காரர் நோட்டுல எழுதுவார். சிரிக்கவெச்சா? எழுதுறவரும் சேர்ந்து சிரிச்சிடுவார்.

இந்த இடத்துல ஓஸியோட ஊரை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்க்கணும்னு தோணுது. ஹெவி மெட்டல் பிறந்த பர்மிங்ஹாம் ஒரு தொழிற்சாலை நகரம். ஓஸி கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தவர். கிட்டார் கலைஞர் டோனி அயோமி, தகரம் வெட்டும் பட்டறையில் வேலைக்குப் போனவர். 17 வயதில், வேலையை விட்டு நிற்கவேண்டிய கடைசி நாளில், மெஷினில் மாட்டி வலது கையின் ரெண்டு விரல் நுனி போய்விட்டது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பிகளைப் பூட்டி வாசித்தார். அப்புறம் கம்பிகளின் முறுக்கையும் தளர்த்தினார். மெட்டலின் அந்தக் கனமான சத்தத்துக்கு அந்த வெட்டுப்பட்ட விரல்களும் ஒரு காரணம்.

பாவலரிடம் ஸ்டூடியோ இல்லை, பெரிய வாத்தியக்குழு இல்லை, கேட்க வந்தவர்கள் கையில் புத்தகம் இல்லை. இருந்தது ஒரு ஆர்மோனியமும் எல்லாருக்கும் தெரிந்த மெட்டும். அதைவெச்சே அவர் தன் சத்தத்தை உண்டாக்கினார்.

மலை ஏறிய பாட்டு: தேவிகுளம், 1958

பாவலரின் வாழ்க்கையில் ரொம்ப முக்கியமான கச்சேரி நடந்தது தமிழ்நாட்டிலேயே இல்லை. போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் வரும் கேரளத்து மலையில்.

கொஞ்சம் பின்கதை சொல்லணும். 1956-ல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. ஆனால் அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் தமிழர்கள். இன்னிக்கும் விடியக்காலையில் போடியிலயும் கம்பத்துலயும் ஜீப்ல நெருக்கியடிச்சு ஏலக்காய் தோட்டத்துக்குப் போற அக்காக்களைப் பார்க்கலாம். மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவுல மாநில எல்லைதான் இருக்கு. ஜனங்க ஒண்ணுதான்.

1957-ல் கேரளத்தில் நடந்த முதல் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி ஜெயித்தது. இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதல்வரானார். ஆனால் அது நூலிழை மெஜாரிட்டி. மொத்தம் 126 இடங்களில் கட்சிக்கு 60, ஆதரவு சுயேச்சைகள் 5. ரெண்டு மூணு பேர் அந்தப் பக்கம் போனாலே ஆட்டம் கண்டுவிடும். இந்த நேரத்தில்தான் தேவிகுளத்தில் ஜெயித்திருந்த ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எதிர்வேட்பாளர் ஒருவரின் மனுவைத் தவறாக நிராகரித்துவிட்டார்கள் என்பது காரணம். 1958-ல் இடைத்தேர்தல். நாடே திரும்பிப் பார்த்த இடைத்தேர்தல்.

ஓட்டுப் போடப்போவது தமிழ் பேசும் எஸ்டேட் ஜனங்கள். மலையாளத்தில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் பாதிதான் போய்ச் சேரும். அவர்களுடைய மொழியில், அவர்களுக்குத் தெரிந்த மெட்டில், அவர்களுடைய கூலியைப் பற்றி யார் பாடுவார்? கீழே பள்ளத்தாக்கில் ஒருவர் இருந்தார்.

பாவலர் மலையேறினார். ஆனால் அவருக்கு அப்போது உடம்பு சரியில்லை. தனியாகப் போய்ப் பாடித் தாங்காது. சின்னத்தாயம்மாள் ஒரு யோசனை சொன்னார். ராசய்யாவையும் கூட்டிக்கொண்டு போகட்டும், குரலுக்குத் துணையாக இருக்கும் என்றார். அப்போது ராசய்யாவுக்கு 14, 15 வயது.

இப்போ மூணாறுக்கு நாம பைக்ல போய் வியூ பாயின்ட்ல நின்னு செல்ஃபி எடுத்துட்டு வர்றோம். அதே மலைதான். கொஞ்சம் கண்ணை மூடி யோசிச்சுப் பாருங்க. மூடுபனி. பகல் பூரா கொழுந்து பறித்துவிட்டு வந்து நிற்கிற பெண்கள். வரிசை வரிசையா லயன் வீடுகள். நடுவில் ஒரு மேடை, அண்ணனும் தம்பியும், ஒரு ஆர்மோனியம்.

ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்றும், இ.எம்.எஸ்ஸே அவரைப் பாராட்டினார் என்றும் நம்ம பக்கத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

ஆனால் கதை அங்கேயே சுபமாக முடியவில்லை. அதே 1958-ல், அதே மூணாறு மலையில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆட்சியில் இருந்தது அவர்கள் ஓட்டுப்போட்ட அதே கட்சி. அடுத்த வருடம், 1959 ஜூலை 31-ல், மத்திய அரசு அந்த ஆட்சியையே கலைத்தது. பாட்டால் ஓட்டு வாங்கித் தர முடியும். ஜெயிச்சதுக்கு அப்புறம் என்ன நடக்கணும்னு பாட்டுக்காரன் முடிவு பண்ண முடியாது. பாவலரின் கதையைச் சொல்லும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுச் சொல்வது நியாயம் இல்லை.

தொடக்கூடாத ஆர்மோனியம்

அந்தப் பயணத்திலிருந்து ராசய்யா வீட்டுக்குத் திரும்பவே இல்லைன்னு சொல்லலாம். கச்சேரிக்குள்ளேயே தங்கிவிட்டார். பாஸ்கரும் அமரும் சேர்ந்தார்கள். பாவலர் பிரதர்ஸ் உருவானது. ஏறக்குறைய பத்து வருடம் ஊர் ஊராகப் போனார்கள்.

ராசய்யாவுக்கு ஆரம்பத்தில் கிடைத்த வேலை பெண் குரலில் பாடுவது. குரல் உடைகிற வயது வந்ததும் அந்த வேலை தம்பி அமருக்குப் போனது. ராசய்யா ஆர்மோனியத்துக்கு மாறினார்.

ஆனா அந்த ஆர்மோனியம் சும்மா கிடைச்சிடல. அண்ணனின் பெட்டியைத் தம்பிகள் தொடக்கூடாது. தொட்டால் அடி. அண்ணன் வெளியே போகும் நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாக வாசித்துப் பழகியதை இளையராஜாவே பல மேடைகளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அவர் கச்சேரிகளில் ஒரு பழைய ஆர்மோனியம் பார்த்திருப்பீர்களே, அதைப்பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் பேச்சு பண்ணைப்புரத்துக்கும் அண்ணனுக்கும்தான் போய்ச் சேரும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தா, இளையராஜா படிச்ச முதல் இசைக் கல்லூரி எதுன்னு புரியும். சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தது பிற்பாடு. அதற்கு முன்னாடி பத்து வருடம், அண்ணன் பின்னால் நின்று, ஒரு மெட்டு எந்த இடத்தில் ஜனங்களைத் தலையாட்ட வைக்கிறது, எங்கே அவர்கள் பீடி பற்றவைக்க எழுந்து போகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தார். அந்தப் பாடத்துக்கு எந்தக் காலேஜிலும் சிலபஸ் இல்லை. இது என் ஊகம்தான். ஆனா மூணே நிமிஷத்துல நம்மளைக் கொக்கி போட்டு இழுக்கிற அந்த வித்தை ஒரு பொட்டல் மேடையில கத்துக்கிட்டதுன்னு நம்புறதுல எனக்குக் கஷ்டமே இல்லை.

இன்னொரு ஆளும் இந்தக் கதைக்குள் வருகிறார். தேனி அல்லிநகரத்தைச் சேர்ந்த சின்னசாமி. சுகாதாரத் துறையில், மலேரியா ஒழிப்பு வேலையாகப் பண்ணைப்புரம் பக்கம் வந்தவர், இந்தச் சகோதரர்களோடு சிநேகமானார். அவர்தான் பாரதிராஜா. கொசுவை ஒழிக்க வந்தவர் சினிமா ஆசையைப் பற்றவைத்துக்கொண்டு போனார்.

மூன்று வருடத்தில் தவறியது

1960-களின் கடைசியில் மூன்று தம்பிகளும் சென்னைக்குக் கிளம்பினார்கள். பாவலரின் மேடைக்குப் பின்னால் இருந்த பாதி சத்தம் மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டது. சென்னையில் தம்பிகளுக்கு வாய்ப்பு உடனே கிடைக்கவில்லை. மற்ற இசையமைப்பாளர்களுக்கு உதவியாளர், வாத்தியக் கலைஞர் என்று வருடங்கள் ஓடின.

1973-ல் பாவலர் வரதராஜன் காலமானார்.

1976 மே மாதம் 'அன்னக்கிளி' வெளியானது. டைட்டிலில் இசை என்று இளையராஜா பெயர். அடுத்த சில வாரங்களில் தமிழ்நாட்டின் டீக்கடை ரேடியோ அத்தனையும் அந்தப் பாட்டுகளைத்தான் பாடின. தம்பியின் பெயரை ஊர் பேசியதைக் கேட்க அண்ணன் இல்லை. வெறும் மூன்று வருடம்.

தம்பிகள் மறக்கவில்லை. அவர்களின் பட நிறுவனத்துக்குப் பாவலர் கிரியேஷன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 'அலைகள் ஓய்வதில்லை', 'ராஜாதி ராஜா', 'சிங்காரவேலன்' என்று நம்ம அப்பா அம்மா காலத்துப் பெரிய ஹிட் படங்கள் தொடங்கும்போது, திரையில் முதலில் வந்து போன பெயர் அதுதான். டிவியில் அந்தப் படங்களை எத்தனை தடவை பார்த்திருப்போம்! அது ஒரு மனுஷனோட பெயர்னு நமக்குத் தோணியிருக்குமா? கம்பெனி பெயர்னு நினைச்சுத் தாண்டிப் போயிருக்கோம்.

ஒரே ஒரு நாள் போதும்

சரி, ஏன் ஒரு ஆல்பம்கூட இல்லை?

அந்தக் காலத்தில் பாட்டு பதிவாக மூன்று வழிதான் இருந்தது. ஒன்று, கிராமபோன் இசைத்தட்டு. சினிமாப் பாட்டு, கர்னாடக சங்கீதம், நாடகம், பக்திப் பாட்டு என்று விற்பனை ஆகிறதைத்தான் அந்தக் கம்பெனிகள் தேடிப்போகும். ரெண்டு, வானொலி. அது அரசாங்கத்தின் கையில். அரசாங்கத்தையே கிண்டல் செய்கிறவருக்கு அங்கே மைக் கொடுப்பார்களா? மூன்று, சினிமா. பாவலரைப் போலவே கம்யூனிஸ்ட் மேடையில் வளர்ந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 29 வயதில், 1959-ல் இறந்துபோனார். ஆனால் அவர் வரிகள் படங்களுக்குள் போய்விட்டதால் இன்றைக்கும் நம்ம பிளேலிஸ்டில் இருக்கின்றன. பாவலர் மேடையிலேயே நின்றார். மேடைப் பாட்டு, கூட்டம் கலையும்போது காற்றோடு போய்விடும்.

கேசட் வந்திருந்தால் கதை வேறு. நம்ம ஊர்ல டேப் ரெக்கார்டர் வீட்டுக்கு வீடு வந்து, கேசட் கடைகள் முளைத்தது 1970-களின் கடைசியிலும் 80-களிலும்தான். அந்தக் கேசட் அலையில் தமிழ்நாட்டையே அள்ளியவர் யார்? அவருடைய தம்பி. அண்ணன் அந்த அலை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்விட்டார்.

எனக்குள்ள அன்னிக்கு பஸ்ல அறுத்துக்கிட்டே இருந்தது இதுதான். பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் எத்தனை நாளில் பதிவானது தெரியுமா? ஒரே நாள். 1969 அக்டோபரில் லண்டனில் ஒரு ஸ்டூடியோவுக்குள் போனார்கள். மேடையில் வாசிக்கிற மாதிரியே வாசித்தார்கள். 12 மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள். அந்த ஒரு நாள்தான் ஹெவி மெட்டல் என்ற ஒரு இசை வகைக்கே பிறந்தநாள் என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். 55 வருடம் கழித்து, போடியில் ஐந்து பேர் துக்கத்தில் அந்த இசையைப் போட்டுக் கேட்கிறார்கள்.

அந்த 1969-ல் பாவலர் உயிரோடுதான் இருந்தார். ஒரு நாள். ஒரு மைக். யாராவது ஒருத்தர் டேப் ஓடவிட்டிருந்தால் போதும்.

எங்கே கேட்பது?

அவரைத் திரும்பக் கேட்க வழியே இல்லையா? நேரடியா இல்லை. அவர் குரல் எப்படி இருந்தது, கனமா மெல்லிசா, எந்த இடத்துல மூச்சு வாங்குவார், சிரிப்பு வரவைக்கிற வரிக்கு முன்னாடி ஒரு நொடி நிறுத்துவாரா? கேட்டவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு இப்போ 75, 80 வயசு இருக்கும்.

நான் வேற ஒரு வழி கண்டுபிடிச்சேன். உத்தமபாளையத்தில் வேலையை முடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பும்போது ஓஸியை நிறுத்திவிட்டு 'அன்னக்கிளி' பாட்டுகளைப் போட்டேன். ஆயிரம் தடவை கேட்ட பாட்டுகள். இந்த முறை ராஜாவைக் கேட்காமல், ராஜாவுக்குப் பின்னால் நிற்கிற ஆளைத் தேடிக் கேட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கும் ஒரே தடவையில் பிடிபடுகிற மெட்டு. பண்டிதரிடம் அனுமதி கேட்காத மெட்டு. வயல் வேலையின் தாளம். இது பாவலரின் பாட்டு இல்லை. ஆனா பாவலர் யாருக்காகப் பாடினாரோ, அதே ஜனங்களுக்கான பாட்டு. மார்ச் 2025-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் கலைஞர்கள் இளையராஜாவின் சிம்பொனியை வாசித்தார்கள். அந்தப் பாதையைப் பின்னாலேயே பிடித்துக்கொண்டு வந்தால், அது தேவிகுளத்து மூடுபனியில் ஒரு பையன் அண்ணனுக்குத் துணையாகப் பாடிய இடத்தில் வந்து நிற்கும்.

ஓஸிக்கு ஆல்பம் இருக்கிறது. பாவலருக்கு ஒரு தம்பி இருந்தார். எல்லாப் பாட்டுக்காரருக்கும் அப்படி ஒரு தம்பி வாய்க்காது.

அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா வாசல்ல உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருந்தாங்க. சின்ன வயசுல நடவுக்குப் போனவங்க. நடவுப் பாட்டு நல்லா பாடுவாங்கன்னு அத்தைங்க சொல்வாங்க. நான் ஒருநாள்கூட உட்கார்ந்து கேட்டதில்லை. போனை எடுத்து ரெக்கார்டரை ஆன் பண்ணி, கீரைத் தட்டுக்குப் பக்கத்துல வெச்சுட்டுப் பாடச் சொன்னேன். எதுக்குடா இதெல்லாம்னு முதல்ல வெட்கப்பட்டாங்க. அப்புறம் பாடினாங்க. ரெண்டு வரி அழகா வந்தது. மூணாவது வரி ஞாபகம் வரலை. கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. யோசிச்சுப் பார்க்கிறேன், நாளைக்கு வான்னு சொன்னாங்க.

என் போன்ல இப்போ 48 செகண்ட் இருக்கு. நாளைக்கும் ரெக்கார்டரை ஆன் பண்ணப் போறேன். உங்க வீட்டு வாசல்ல உட்கார்ந்திருக்கிறது யாரு?